விரிந்த வரியும் ஷெல்லின் தெரிவுகளும்

யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் பயனர் இடும் கட்டளைகளை வாங்கிப் பொருள் பிரித்து இயக்கும் நிரல் ஷெல் எனப்படும். அக்கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அது ஸ்கிரிப்ட் ஆகிறது. ஸ்டீபன் போர்ன் பெல் ஆய்வகத்தில் எழுதி 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் வெளிவந்த ஷெல்லின் இலக்கணத்தையே, குனு திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளியான பாஷ் என்னும் ஷெல்லும் பின்பற்றி விரிவாக்கியது.

ஸ்கிரிப்டில் எழுதிய வரி எழுதிய உருவிலேயே இயங்குவதில்லை. ஷெல் அதனைப் படித்து, இலக்கணம் பார்த்து, மாறிகளின் இடத்தில் அவற்றின் மதிப்புகளையும் நட்சத்திரக் குறியின் இடத்தில் பொருந்தும் கோப்புப் பெயர்களையும் நிரப்பிய பிறகே இயக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த விரிவாக்கக் கட்டத்தில்தான் கொடிய பிழைகள் பலவும் பிறக்கின்றன. லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டுச் செயலியின் ஸ்கிரிப்ட் ஒன்று பயனரின் கோப்புகளை அழித்துவிட்டதாக 2015 ஜனவரியில் பதிவான முறையீடு இதற்குச் சான்று. செயலி இருக்கும் கோப்புறையின் முகவரியை ஒரு கட்டளையால் தேடி மாறியில் வைத்து, அதனை அடுத்துச் சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்து, உள்ளிருப்பவற்றை எல்லாம் அழிக்கச் சொல்லும் வரி அதில் இருந்தது. மாறி வெறுமையாகிவிட்டால் எஞ்சும் சாய்கோடும் நட்சத்திரமுமோ கணினியின் வேர்க் கோப்புறையில் உள்ள அனைத்தையும் குறிப்பவை.

ஷெல்லின் நடத்தையை மாற்றுவதற்காகச் சிறுகோட்டுடன் இடப்படும் எழுத்துகளே தெரிவுகள். 'என்' என்னும் தெரிவு எதையும் இயக்காமல் இலக்கணத்தை மட்டும் சோதிப்பதால் மூடாமல் விட்ட மேற்கோள்குறி சிக்கும். ஆனால் மேற்சொன்ன அழிப்பு வரி இலக்கணப்படி குற்றமற்றது என்பதால் தப்பிவிடும். 'வி' தெரிவு வரிகளைப் படித்தபடியே காட்டுவதால் அதிலும் மாறியின் பெயர் தெரியுமே தவிர மதிப்பு தெரியாது.

விரிந்த வரியைக் காட்டுவது 'எக்ஸ்' தெரிவு மட்டுமே, பிழை தேடுவோர் முதலில் நாடவேண்டியதும் அதுவே. ஒவ்வொரு கட்டளையையும் மதிப்புகள் நிரம்பிய உருவில், இயக்குவதற்குச் சற்று முன்பு, கூட்டல் குறியை முன்னே இட்டுப் பிழைச்செய்திகள் செல்லும் வழியில் அது அச்சிடுகிறது. அந்த முன்குறியை வைத்திருக்கும் 'பிஎஸ்4' என்னும் மாறியில் வரி எண்ணைச் சேர்த்துவிட்டால் எந்த வரி என்ற தேடலும் குறையும். ஸ்கிரிப்டின் நடுவில் 'செட்' கட்டளையால் சிறுகோடிட்டு இதனைத் தொடங்கவும் கூட்டல் குறியிட்டு நிறுத்தவும் இயலும் என்பதால், ஐயத்துக்குரிய பகுதியை மட்டும் பார்த்தால் போதும். கடவுச்சொல் புழங்கும் பகுதியில் நிறுத்தியே ஆகவேண்டும், ஏனெனில் அதுவும் அப்படியே அச்சாகிவிடும். எனினும் எக்ஸ் காட்டுமேயன்றித் தடுக்காது. ஆகவே அழிக்கும் கட்டளையின் முன் 'எக்கோ' என்ற சொல்லைச் சேர்த்து, அழிக்கப்படவிருக்கும் பெயர்களை முதலில் அச்சிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

தடுக்கும் தெரிவுகளும் உண்டு. 'யு' தெரிவு, மதிப்பே தரப்படாத மாறியைப் பயன்படுத்தினால் ஸ்கிரிப்டை நிறுத்தும். ஆனால் ஸ்டீமின் மாறிக்கு வெறுமை ஒரு மதிப்பாகவே தரப்பட்டிருந்தது, அதனை யு கண்டுகொள்ளாது. மாறியின் பெயரோடு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து எழுதினால் இரு நிலைகளிலும் ஷெல் நிற்கும். தோல்வியுற்ற கட்டளையோடு ஸ்கிரிப்டை முடித்துவிடும் 'இ' தெரிவு, முகவரி தேடும் கட்டளை தோற்ற வரியிலேயே அந்த ஸ்கிரிப்டை நிறுத்தியிருக்கக் கூடும். ஆயினும் நிபந்தனையாகச் சோதிக்கப்படும் கட்டளைகளின் தோல்வியை அது பொருட்படுத்துவதில்லை. ஒன்றன் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் குழாய்த்தொடரிலும் இறுதிக் கட்டளையின் முடிவையே அது பார்க்கும். இடையில் நேரும் தோல்வியையும் கணக்கில் கொள்ள 'பைப்ஃபெயில்' தெரிவு தேவை, பாஷில் நெடுங்காலமாக இருந்துவரும் இதனை யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பும் ஏற்றுக்கொண்டுள்ளது.