உங்களுக்குத் தெரியுமா? மாருதி 800 பிறப்பால் ஜப்பான் கார்!

பாடாலூர் வழியே செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இன்றும் அவ்வப்போது கண்ணில் படும் மாருதி 800-க்கு மூலம், ஜப்பானின் சுசூகி ஆல்ட்டோ. 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 2010-இல் ஹர்பால் சிங் காலமான பின் துருப்பிடித்துக் கிடந்த அந்தக் காரை மாருதி நிறுவனமே சீரமைத்துத் தன் தலைமையகத்தில் வைத்திருக்கிறது.

796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். பானட்டைத் திறந்தால் கை நுழையத் தாராளமாக இடம். வீட்டிலேயே பழுது பார்க்க இதைவிடத் தோதான கார் இல்லை. பழைய கார்புரேட்டர் மாடல் ஐடிலிங்கில் அணைந்து அணைந்து போகிறதா? முதலில் ஐடில் ஜெட்டைக் கழற்றிப் பாருங்கள். நாள்பட்ட பெட்ரோல் பிசினாகி அந்த ஊசித்துளையை அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்பிரே அடித்துக் காற்றால் ஊதினாலே போதும். எத்தனால் கலந்த பெட்ரோலால் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா, ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் தகடு துருவேறியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

கார் சரியானதும் ஒன்றை மறக்காதீர்கள்: பதிவெண் பெரம்பலூரின் டிஎன் 46 ஆனாலும் அரியலூரின் டிஎன் 61 ஆனாலும், 15 ஆண்டு முடிந்த காரைப் பதிவு புதுப்பித்த பிறகே சாலையில் எடுங்கள்.