பாடம் நடத்துறது டீச்சர்... அந்தப் பாடத்தை வடிவமைக்கிறது யாரு?

ஆபீஸில் வருஷா வருஷம் ஒரு கட்டாய ஆன்லைன் டிரெயினிங் வருமே, நினைவிருக்கிறதா? நாலு ஸ்லைடு, ஒரு வீடியோ, கடைசியில் பத்து கேள்வி. 'நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்' என்று தட்டிவிட்டு சர்ட்டிபிகேட்டை டவுன்லோட் செய்துகொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அந்த மாட்யூலை யோசித்து, பிரித்து, வரிசைப்படுத்தியவர் ஒருவர் இருக்கிறார். தரமணி, ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தப் பதவியின் பெயர் தெரிந்திருக்கும்: இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர். தமிழில் 'கற்பித்தல் வடிவமைப்பாளர்' எனலாம்.

இதே ஆள் ஆபீஸை விட்டு மயிலாப்பூரிலோ தி.நகரிலோ இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? சென்னையில் இந்தக் கேள்வி புதுசே இல்லை. பெயர்தான் புதுசு.

என்னதான் வேலை?

டீச்சருக்குப் பாடம் தெரியும், பிள்ளைகளையும் தெரியும். ஆனால் 40 பேர் கொண்ட வகுப்பு, நோட்டுத் திருத்தம், தேர்வு, 'எமிஸ்' பதிவு எல்லாம் போக, ஒரு பாடத்தை உட்கார்ந்து அக்கு அக்காகப் பிரித்து யோசிக்க நேரம் இருக்காது. அந்த யோசனைதான் வடிவமைப்பாளரின் முழுநேர வேலை.

அவர் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். இந்தப் பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும்? அது தெரிந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்போம்? அந்த இடத்துக்குப் போக எந்தப் படி முதலில், எந்தப் படி அடுத்து?

பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை போவது வழக்கமான முறை. இது முடிவிலிருந்து பின்னோக்கி வரும் முறை.

ஒரு கணக்கும் கடலை மிட்டாயும்

உதாரணத்துக்கு, 1/2 + 1/3 எவ்வளவு? வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 2/5 என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். மேலே இருப்பதைத் தனியாக, கீழே இருப்பதைத் தனியாகக் கூட்டிவிட்டார்கள். அனுபவமுள்ள எந்தக் கணக்கு டீச்சருக்கும் இந்தத் தப்பு அத்துப்படி.

டீச்சர் மறுபடி விதியைச் சொல்லிக் கொடுக்கலாம். பிள்ளைகள் இரண்டு நாள் சரியாகப் போடுவார்கள், பரீட்சையில் திரும்ப 2/5 வரும். ஏன் இந்தத் தப்பு வருகிறது என்று வடிவமைப்பாளர் தேடுவார். பின்னத்தைப் பிள்ளை ஒரே எண்ணாகப் பார்க்கவில்லை, மேலும் கீழுமாக இரண்டு எண்களாகப் பார்க்கிறது. அதைச் சரிசெய்யாமல் விதி நிற்காது.

அதனால் பாடத்தின் வரிசை மாறும். முதலில் ஒரு கேள்வி: "2/5 பாதியைவிடப் பெருசா, சின்னதா?" சின்னது. "அப்போ பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்ததுக்கு அப்புறம் எப்படிக் குறைஞ்சுது?" பிள்ளை முழிக்கும். அந்த முழிப்புதான் பாடத்தின் ஆரம்பம். அடுத்து ஆறு துண்டாக உடைக்கக்கூடிய ஒரு கடலை மிட்டாய். பாதி என்றால் 3 துண்டு, மூன்றில் ஒரு பங்கு என்றால் 2 துண்டு, மொத்தம் 5 துண்டு. அதாவது 5/6. விதி இதற்கெல்லாம் பிறகுதான் வரும்.

இதில் இருவருக்கும் பங்கு உண்டு. பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று டீச்சர் சொல்லாவிட்டால் வடிவமைப்பாளருக்குப் பிடி கிடைக்காது.

ராணுவத்திலிருந்து வந்த தொழில்

இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான வீரர்களுக்குக் குறுகிய காலத்தில் பயிற்சி தர வேண்டிய கட்டாயம் அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது. உளவியலாளர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ராபர்ட் கான்யே பிற்காலத்தில் இந்தத் துறையின் முன்னோடியாக அறியப்பட்டார். 1956-ல் பெஞ்சமின் புளூம் குழுவினர் கற்றலின் நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரித்தனர். இன்று பி.எட். படிக்கும் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். 1975-ல் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிய வழிமுறையிலிருந்துதான், ஐடி நிறுவனங்களில் இன்று புழங்கும் 'ஆடி' மாதிரி வளர்ந்தது: ஆராய், வடிவமை, உருவாக்கு, செயல்படுத்து, மதிப்பிடு.

ஆனால் அடையாறுக்கு இந்த யோசனை வேறு வழியாக, அதற்கும் முன்பே வந்துவிட்டது.

1939, அடையாறு

பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். போர் மூண்டதால் 1946 வரை அவர் இந்தியாவில் தங்க நேர்ந்தது.

அவருடைய மர உருளைகளைப் பாருங்கள். வெவ்வேறு அளவு உருளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. ஒன்றைத் தப்பான குழியில் வைத்தால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் மிஞ்சும். "தப்பு" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, பொருளே சொல்லிவிடும். திட்டுவதற்குப் பதில் கவனிப்பது டீச்சரின் வேலையாகிறது. 'இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன்' என்ற சொல் இங்கே புழங்காத காலத்து வடிவமைப்பு இது.

13 பள்ளிகளில் தொடங்கிய ஏணி

2003. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியில், கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்டிருந்த அட்டை வழிக் கற்றல் முறை அவரை ஈர்த்திருந்தது. மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துப் பயிற்சி எடுத்துத் திரும்பினார்கள். 13 பள்ளிகளில் தொடங்கிய சோதனை, பிறகு மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்குப் பரவியது. 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அதுதான் 'செயல்வழிக் கற்றல்'.

பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக உடைத்தார்கள். அட்டைகள் வரும் வரிசையை ஒரு 'கற்றல் ஏணி'யாகச் சுவரில் மாட்டினார்கள். அறிமுகம், வலுவூட்டல், பயிற்சி, மதிப்பீடு, தேவைப்பட்டால் குறைதீர் கற்றல் என்று ஏணியில் படிகள். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. டீச்சரும் தரையில் உட்கார்ந்தார்.

இந்த வடிவமைப்பு தீர்க்கப் பார்த்த பிரச்சினை ரொம்ப எளிமையானது. காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு மூன்று பாடம் தாண்டிப் போயிருக்கும். ஏணியில் அப்படி இல்லை. விட்ட அட்டை அங்கேயே காத்திருக்கும்.

அந்த அட்டைகளை உருவாக்கியதில் மாநகராட்சி ஆசிரியர்களுக்கே முக்கியப் பங்கு. டீச்சரும் வடிவமைப்பாளரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது.

ஏணிக்குப் பிறகு

2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு இடம்பெற்றது. 2019-ல் 'கல்வி தொலைக்காட்சி' தொடங்கியது. அதன் படப்பிடிப்புத் தளம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அமைந்தது. அடுத்த ஆண்டே கொரோனாவில் பள்ளிகள் மூடப்பட, கேமரா முன்னால் நின்று பாடம் எடுப்பதும் வகுப்பில் பாடம் எடுப்பதும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் புரிந்தது. தலையாட்ட, கொட்டாவி விட எதிரே யாரும் இல்லாதபோது, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே திட்டமிட்டாக வேண்டும்.

ஊரடங்கில் விட்டுப்போன படிப்பை மீட்க 2022 ஜூனில் வந்தது 'எண்ணும் எழுத்தும்'. பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் ஏற்ற பயிற்சிகள், டீச்சருக்குத் தனிக் கையேடு. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை, பிறகு 4, 5-ம் வகுப்புகளுக்கும்.

அப்போ சிக்கல் எங்கே?

வடிவமைப்பு ஓர் இடத்தில், வகுப்பறை இன்னோர் இடத்தில் என்று பிரியும்போதுதான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வந்த ஆன்லைன் மதிப்பீடுகளை நிறுத்த வேண்டும் என்று ஆசிரியர் அமைப்புகள் போராட்டக் கோரிக்கைகளில் சேர்த்தன. 'சொல்லிக் கொடுக்க வேண்டிய நேரம் செல்போனில் பதிவு போடுவதிலேயே போகிறது' என்பது அவர்களின் ஆதங்கம். பிள்ளையின் நிலை தெரிந்தால்தான் அடுத்த படியைத் தீர்மானிக்க முடியும் என்ற வடிவமைப்பாளரின் நியாயமும் உண்மை. ஆனால் ஒரே டீச்சர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில் அந்தப் பதிவுக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பதும் வடிவமைப்பில் சேர வேண்டிய கணக்குதான்.

தனியார் பள்ளிகளிலும் இதே ஆபத்து வேறு ரூபத்தில் இருக்கிறது. எங்கோ தயாராகும் ரெடிமேட் பாடங்களை ஸ்மார்ட் போர்டில் ஓடவிட்டால், 20 வருஷ அனுபவமுள்ள டீச்சரும் 'நெக்ஸ்ட்' பட்டனை அழுத்துகிறவராகச் சுருங்கிவிடுவார். தப்புக்கான காரணத்தைக் கண்டுபிடிக்கும் அவருடைய அறிவு யாருக்கும் பயன்படாமல் போகும்.

என்ன செய்யலாம்? வடிவமைப்பாளர் வாரம் ஒரு நாளாவது வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். டீச்சருக்கு டைம்டேபிளிலேயே அவரோடு பேச ஒரு பீரியட் ஒதுக்க வேண்டும். 'இந்தப் பயிற்சி எங்க பசங்களுக்கு எடுபடல' என்று டீச்சர் சொன்னால், அதை மாற்றும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், ஸ்மார்ட் போர்டு எத்தனை இன்ச் என்று விசாரிக்க வேண்டாம். "இந்தப் பாடத்தை யார் தயார் பண்ணாங்க? டீச்சர் அதை மாத்த முடியுமா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல டீச்சர் வாயைத் திறக்கிறாரா, நிர்வாகத்தின் முகத்தைப் பார்க்கிறாரா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.