பன்னார்கட்டாவில் ஒரு பகல்

எனக்கு வார ஓய்வு செவ்வாய்க்கிழமை. பன்னார்கட்டா உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய்தான் விடுமுறை! என் மனைவி பல வருடங்களாகக் கேட்டும் போகமுடியாததற்கு இதுவே காரணம். சென்ற மாதம் சக குமாஸ்தா ஒருவர் டியூட்டி மாற்றிக்கொள்ள இசைந்தார். புளிசாதம் கட்டிக்கொண்டு மெஜஸ்டிக்கில் 365-ம் எண் பஸ் ஏறினோம். கர்நாடகத்தில் 2023 ஜூனிலிருந்து சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் எனக்கு மட்டுமே டிக்கெட்.

2006-ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா நாட்டிலேயே முதலாவது. பார்க்கத்தான் வேண்டும். பிறகு சபாரி வண்டி. சிங்கம் வாலைக்கூட அசைக்கவில்லை.

கரடிகளைக் கண்டதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். சிறுவயதில் ஆம்பூரில் அவள் தெருவுக்குக் கரடிக்காரர் வருவாராம். மூக்கைத் துளைத்த கயிற்றைச் சுண்டினால் கரடி ஆடும். பயந்து அழுதவளுக்கு அதன் ரோமத்தையே தாயத்தில் அடைத்துக் கட்டினாராம் பாட்டி. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னும் பல காலம் ஓயாத வித்தை அது. அப்படி ஆடவைக்கப்பட்ட கரடிகளை மீட்டு வைத்துக் காப்பாற்றும் மையம் இங்கேதான் இருக்கிறது.

வண்டிக்குப் பக்கத்தில் ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"மூக்கிலே கயிறு இல்லீங்க" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில், அந்தத் தாயத்து இன்னும் அம்மா வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது என்று சொன்னாள்.