நூறு விழுக்காடு தேர்ச்சி: யாரைக் கணக்கிட்டு, யாரை விட்டுவிட்டு?

ஒவ்வோர் ஆண்டும் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியானவுடன் மாவட்டங்கள் தேர்ச்சி விழுக்காட்டின்படி வரிசைப்படுத்தப்படுகின்றன. அரசுப் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், மெட்ரிகுலேஷன் பள்ளிகள் எனத் தனித்தனி அட்டவணைகள் வருகின்றன. இரண்டொரு நாளில் பள்ளி வாயில்களில் ‘100 விழுக்காடு தேர்ச்சி’ என்ற பதாகைகள் எழுகின்றன. ஜூன் மாதச் சேர்க்கைக்குப் பள்ளி தேடும் பெற்றோர் பலர் அந்தப் பதாகையைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளையை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பும் கூலித் தொழிலாளிக்கு வேறு தகவல் கிடைப்பதும் அரிது.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? எண் பெரும்பாலும் பொய்யன்று. ஆனால் அது ஒரு பின்னம். மேலே நிற்கும் தொகுதியை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே நிற்கும் பகுதியைப் பார்க்காமல் விடுவதே நாம் செய்யும் பிழை.

தேர்ச்சி விழுக்காடு என்பது, தேர்வெழுதிய மாணவர்களில் தேர்ச்சி பெற்றோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு. ‘தேர்வெழுதிய’ என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இரண்டு பள்ளிகளில் தலா 120 பேர் ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறார்கள். முதல் பள்ளியில் 90 பேர் மட்டுமே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதி, 90 பேரும் தேர்ச்சி பெறுகிறார்கள். இரண்டாவது பள்ளியில் 118 பேர் எழுதி, 106 பேர் தேர்ச்சி பெறுகிறார்கள். அட்டவணையில் முதல் பள்ளிக்கு 100 விழுக்காடு. இரண்டாவது பள்ளிக்கு 89.8. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களைப் பகுதியாக வைத்துக் கணக்கிட்டால், முதல் பள்ளி 75 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. இரண்டாவது பள்ளி 88.3 விழுக்காட்டில் நிற்கிறது. பதாகை கட்டும் பள்ளி முதலாவது. பிள்ளைகளைக் கைவிடாத பள்ளி இரண்டாவது.

அந்த முப்பது பேர் எங்கே போனார்கள்? சிலர் ஊர் மாறியிருப்பார்கள்; அது இயல்பு. மற்றவர்கள் வெளியேறும் வழிகளை வழக்கறிஞர்களாகிய நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் தேர்ச்சி இல்லை என்று நிறுத்தப்படுவது ஒன்று. ‘உங்கள் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுப்பது மற்றொன்று. தனித்தேர்வராக எழுதச் சொல்வது மூன்றாவது. தனித்தேர்வரின் முடிவு பள்ளியின் கணக்கில் சேராது. அந்தச் சான்றிதழில் ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’ என்று எழுதப்பட்டிருக்கும். கீழே பெற்றோரின் கையொப்பமோ கைநாட்டோ இருக்கும். பிள்ளை வெளியேற்றப்பட்டதற்கான சான்று எந்தத் தாளிலும் இராது.

இது ஏன் ஒன்பதாம் வகுப்பில் நிகழ்கிறது என்பதற்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே பொருந்தும். அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தம் 5, 8 ஆகிய வகுப்புகளில் நிறுத்திவைக்க இடமளித்தது. அப்போதும் வெளியேற்றத் தடை நீக்கப்படவில்லை. 5-ஆம் பிரிவின்படி பள்ளி மாற்றம் கேட்கும் உரிமை குழந்தைக்கு உரியது, பள்ளிக்கு உரியதன்று. இந்தப் பாதுகாப்புகள் யாவும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகின்றன. பொதுத்தேர்வுக்கு முந்தைய ஆண்டில் பிள்ளை வெறுங்கையோடு நிற்கிறது.

அதே வயதில் இன்னொரு கதவும் திறக்கிறது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், 14 வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்துவது, குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டுள்ளது. 14 முதல் 18 வயது வரையிலானோருக்கோ அபாயகரமான தொழில்களில் மட்டுமே தடை. கல்வி உரிமை முடியும் இடத்தில் கூலி வேலை தொடங்கலாம் என்பதே இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள். நிலமும் சேமிப்பும் உள்ள குடும்பம் பிள்ளையை வேறொரு பள்ளியில் சேர்த்துவிடும். நிலமற்ற தலித் குடும்பத்தின் பிள்ளை நூற்பாலைக்கோ செங்கல் சூளைக்கோ போகும். பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் பேண வேண்டும் என்று அரசுக்கு நெறி வகுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 46-ஆம் கூறு இந்த இடத்தில்தான் நினைவுக்கு வரவேண்டும்.

ஆசிரியர்கள் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது. 2017-இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர்களுக்குத் தரவரிசை அறிவிப்பதைக் கைவிட்டது. நல்ல முடிவு அது. ஆனால் மாணவரின் முதுகிலிருந்து இறங்கிய சுமை பள்ளியின் முதுகில் அப்படியே இருக்கிறது. விழுக்காடு குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் ஆய்வுக் கூட்டத்தில் விளக்கம் சொல்ல வேண்டும். கணக்கு ஆசிரியர் பணியிடம் ஆண்டு முழுதும் காலியாக இருந்தது என்ற விளக்கம் அங்கே எடுபடுவதில்லை. எண்ணை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு: தொகுதியைக் கூட்டுவது, பகுதியைக் குறைப்பது. முன்னது பல ஆண்டு உழைப்பு. பின்னது ஒரு கையொப்பம்.

இது நம் மாநிலத்திற்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்காவில் 1998-இல் ‘நியூஸ்வீக்’ இதழ், ஜே மேத்யூஸ் என்ற இதழாளர் வகுத்த முறைப்படி, அரசு உயர்நிலைப் பள்ளிகளின் தேசியத் தரவரிசையை வெளியிடத் தொடங்கியது. ஒரு பள்ளியில் எழுதப்பட்ட கல்லூரித் தரத் தேர்வுகளின் எண்ணிக்கையை, அவ்வாண்டு படிப்பை முடித்து வெளியேறுவோரின் எண்ணிக்கையால் வகுப்பதே அந்த முறை. தேர்வில் என்ன மதிப்பெண் கிடைத்தது என்பது கணக்கில் இல்லை. இடையில் நின்றவர்கள் பகுதியில் இல்லாததால், அவர்கள் எண்ணிக்கை கூடினால் பள்ளியின் இடம் உயரவும் வாய்ப்பிருந்தது. கறுப்பின, இலத்தீன அமெரிக்கப் பிள்ளைகள் வெள்ளையரைவிட மிகுதியாக இடைநின்ற நாட்டில் இது யாரை மறைத்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் 2008-இல் அமெரிக்கக் கல்வித் துறை ஒரு விதி கொண்டுவந்தது: ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த அணி நான்கு ஆண்டுகளில் எத்தனை பேராகப் படிப்பை முடிக்கிறது என்பதை எல்லா மாநிலங்களும் ஒரே முறையில் கணக்கிட வேண்டும். வேறு பள்ளிக்கு மாறியதாகச் சொல்லி ஒரு பெயரை அணியிலிருந்து நீக்க வேண்டுமானால் அதற்கு ஆவணம் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டில் செய்யத் தடையேதும் இல்லை. கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையான எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருக்கிறது. யார் ஒன்பதில் இருந்தார், யார் பத்தில் தேர்வெழுதினார், யார் எங்கும் இல்லை என்பதை அரசால் அறிய முடியும். தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடும் அதே நாளில், ஒன்பதாம் வகுப்பு அணியின் விழுக்காட்டையும் பள்ளிவாரியாக, சமூகப் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

அணிக் கணக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டை நகரத்து மெட்ரிகுலேஷன் பள்ளியின் விழுக்காட்டோடு அருகருகே வைத்துப் பார்ப்பவர், இரண்டு பள்ளிகளும் யாரைச் சேர்த்துக்கொள்கின்றன என்பதைப் பார்ப்பதில்லை. 2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை உடன்படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பின்னரே, பள்ளிகளில் சாதி வன்முறையை ஆராய நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. வகுப்பறையில் சாதியின் பெயரால் அவமதிக்கப்படாமல் ஒரு பிள்ளை படிக்க முடிகிறதா என்பதை எந்தத் தரவரிசையும் அளப்பதில்லை.

ஆகவே பள்ளி தேடும் பெற்றோரும், அவர்களுக்கு உதவும் மாணவர் அமைப்புகளும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், இந்த ஆண்டு பொதுத்தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள்? இடையில் எத்தனை மாற்றுச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன? எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலியாக உள்ளன? பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இதே எண்கள் என்ன?

அரசுப் பள்ளியாயின் இவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்பலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதாசார இடம் உண்டு. விடை கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்துடன் 6-ஆம் பிரிவின் கீழ் மனு அளித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் பள்ளி குறித்து, கல்வி அலுவலரிடம் உள்ள பதிவேடுகளைக் கேட்கலாம். பெயர்களைக் கேட்க வேண்டாம்; எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். தனிநபர் தகவல் என்று சொல்லி மறுக்க அப்போது வழியில்லை.

இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்லிவைப்போம்: ‘விருப்பத்தின் பேரில்’ என்று எழுதிய தாளை யார் நீட்டினாலும், அது விருப்பமாக இல்லாதவரை, கையொப்பமிட வேண்டாம்.