அப்பாவின் பிஸ்டலைக் கழற்றாதீர்கள்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் நிறைய. பெரியவர் காலமானதும் பீரோவில் அவருடைய உரிமம் பெற்ற .32 பிஸ்டல் மிஞ்சுகிறது. பிள்ளைகள் யூடியூபைப் பார்த்து அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய உட்காருகிறார்கள். மாட்ட வரவில்லை என்றால் அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போகிறது. இரண்டுமே வம்பு.

எல்லாப் பிஸ்டலும் ஒரே மாதிரி கழலாது. பழைய வால்தர் பிபியில் டிரிகர் வளையத்தைக் கீழே இழுத்தால் ஸ்லைடு வந்துவிடும். ராணுவத்தின் 9 மி.மீ. பிரவுனிங்கில் ஒரு பின்னை உருவ வேண்டும். இரண்டிலும் டிரிகரைத் தொட வேண்டியதில்லை. கிளாக்கில் டிரிகரை அழுத்தினால்தான் ஸ்லைடு கழலும். மேகசினை உருவிவிட்டோம், காலிதான் என்று நம்பி அழுத்துகிறவர் சேம்பரில் ஒரு தோட்டா தங்கியிருப்பதை மறந்தால், முடிந்தது கதை. கிளாக் போன்ற 9 மி.மீ. பிஸ்டல்கள் சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். யூடியூபில் கொட்டிக் கிடப்பதோ அந்த ரகத்து வீடியோக்கள்தான். அதைப் பார்த்து அப்பாவின் .32-ஐத் திருகுவதில் என்ன அர்த்தம்?

கழற்றித் தனித்தனிப் பையில் வைத்தால் ஆயுதம் இல்லை என்றாகிவிடாது. சட்டத்தின் கண்ணில் பாகங்களும் ஆயுதமே. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்தாண்டுச் சிறை. உரிமம் இல்லாத பட்டறைக்காரர் பழுது பார்த்தால் குறைந்தது ஏழாண்டு, ஆயுள் வரை போகலாம். ‘சும்மா ஒரு ஸ்பிரிங்தானே சார்’ என்பது கோர்ட்டில் எடுபடாது.

செய்ய வேண்டியது இதுதான். உரிமதாரர் இறந்ததும் ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி, தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். நீங்களே ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக் கிளம்பாதீர்கள். முதலில் நிலையத்துக்குப் போன் செய்து, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். ரசீதில் ரகம், வரிசை எண், தோட்டாக்களின் எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். ‘ரைட்டர் இல்லை, அப்புறம் வாங்க’ என்று அலையவிட்டால், அன்றே காவல் ஆணையர் அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதி, அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

துப்பாக்கி உங்களுக்கே வேண்டுமென்றால் 2016 ஆயுத விதிகளின் 25-ஆம் விதியில் வாரிசுக்கு வழி உண்டு. பழைய உரிமம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்று தாசில்தார் தருவது: ஆவடி, பூந்தமல்லி வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டம். மாற்றிப் போய் நிற்காதீர்கள். உரிம விண்ணப்பம் போவதென்னவோ 2022 ஜனவரி 1 முதல் இயங்கும் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்துக்குத்தான். பழைய உரிமத்தில் சென்னை ஆணையர் முத்திரையோ திருவள்ளூர் ஆட்சியர் முத்திரையோ இருந்தால், கோப்பு இப்போது எங்கே இருக்கிறது என்பதை முதலில் கேட்டு எழுதி வாங்குங்கள். வாரிசாக வந்தாலும் ஒருவரிடம் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கக் கூடாது.

அப்பா இருக்கும்போதே மாற்றவும் முடியும்: அவருக்கு 70 வயதாகியிருந்தாலோ, துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்திருந்தாலோ போதும்.

மறுபடியும் சொல்கிறேன்: கழற்றாதீர்கள், பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள், ரசீது இல்லாமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.