அடையாள இலக்கமும் அந்தரங்கமும்: சாம்பல்தீவை முன்வைத்து ஒரு நோக்கு

இணையவழி மோசடி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கடவுச்சொல்லிலிருந்தே தொடங்குவர். அதற்கும் முற்பட்டதொன்றிலிருந்து, அதாவது தேசிய அடையாள அட்டை இலக்கத்திலிருந்து, நாம் தொடங்க விரும்புகிறோம்.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் வழிவந்த இவ்விலக்கம் தற்செயலான எண்வரிசையன்று. பழைய இலக்கத்தின் முதலிரு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அது அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் சுட்டுவன. பெண்களாயின் அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். 85642 எனத் தொடங்கும் இலக்கத்தைக் காண்பவர், அதற்குரியவர் 1985 மே 21இல் பிறந்த பெண் என்பதைக் கணக்கிட்டே கூறிவிடலாம். (எவ்வாண்டாயினும் பெப்ரவரிக்கு 29 நாள் கொள்வது இக்கணக்கின் விநோதம்.) 2016இல் வந்த பன்னிரண்டு எண் முறையும் ஆண்டை முழுமையாக எழுதிற்றேயன்றி இவ்வமைப்பைக் கைவிடவில்லை.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி செல்லும் வீதியில் உள்ள சாம்பல்தீவு மக்களுக்கு இவ்வட்டையின் பெறுமதியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் அதனை வீட்டில் மறந்துவிட்டுச் சோதனைச் சாவடியை நெருங்குவது எத்தகைய அச்சம் என்பதை அவர்கள் அறிவர். அத்துணை பத்திரமாகக் காத்த அட்டையின் நிழற்படப் பிரதி இன்று சிம் அட்டை விற்கும் கடை மேசையில் பிறர் பார்வைக்குக் கிடப்பதை நாமே கண்டுள்ளோம். அங்கு அட்டை கைமாறவில்லை. ஆகவே எதுவும் இழக்கப்பட்டதாக எவருக்கும் தோன்றுவதில்லை.

இழப்பு பின்னர் நேர்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறும் ஒருவர் நமது பெயரையும் இலக்கத்தையும் பிழையின்றி ஒப்புவிக்கிறார். அவ்வொப்புவிப்பே அவர்மீது நம்பிக்கையை உண்டாக்கிவிடுகிறது. அடுத்து, கைத்தொலைபேசிக்கு வந்த ஆறு எண்களைக் கேட்கிறார். பல வேளைகளில் அது வட்ஸ்அப் கணக்கை வேறொரு தொலைபேசிக்கு மாற்றும் குறியெண். அதைச் சொன்னதும் கணக்கு அவர் வசமாகிறது. வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு நமது பெயரால் "அவசரமாகப் பணம் அனுப்புக" என்று செய்தி போகிறது. புலம்பெயர்ந்தோர் பணத்தில் பெரிதும் தங்கிய குடும்பங்களில் இச்செய்தி ஐயத்தை எழுப்புவதில்லை. கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்தி, தனியான இரகசிய எண்ணொன்றை வைத்தால் இவ்வழி பெரும்பாலும் அடைபடும். ஆனால் அது குறித்த அறிவிப்பு ஆங்கிலத்தில் தோன்றும்போது அதைத் தள்ளிவிட்டு அப்பாற் செல்வோரே பலர். இதனை அவர்தம் அறியாமை என்று கூற நாம் தயங்குகிறோம்.

தனிமனிதரின் கவனக்குறைவே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற வாதமும் முழுமையற்றது. 2023 ஓகஸ்டில் அரச மேகக்கணினித் தொகுதியே தாக்குதலுக்குள்ளாகி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் பிரதியின்றி அழிந்தன. அரசுக்கே நேர்ந்த இதனைக் கடைக்காரரின் மேசையிலிருந்து எவ்வாறு தடுப்பது?

கணினிக் குற்றங்கள் சட்டம் 2007இலும், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலும் இயற்றப்பட்டன. பின்னையது, ஒரு நோக்கத்துக்குப் பெற்ற தரவை அந்நோக்கத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்கிறது. பிரதியைக் கொடுக்குமுன் அதன் குறுக்கே தேதியையும் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதையும் எழுதும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்நோக்கத்தைக் கடைக்காரருக்கு நினைவூட்ட இப்போதைக்கு உள்ளது அம்மைக்கோடு மட்டுமே.