பந்து எதிரணியில் பட்டால் ஓப்சைட் நீங்குமா?

புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து மைதானங்களில் உதைபந்தாட்டம் பார்ப்போர் அறிந்த வாதம் இது: "பந்து எதிரணி வீரரில் பட்டுத்தானே வந்தது, பிறகெப்படி ஓப்சைட்?"

ஓப்சைட்டைக் கூறுவது 11ஆவது விதி. சகவீரர் பந்தை உதைக்கும் கணத்தில், எதிரணியின் அரைப்பகுதியில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்திய வீரரையும் தாண்டி நிற்பவர் ஓப்சைட் நிலையில் இருக்கிறார். நிற்பது குற்றமல்ல, அங்கிருந்து ஆட்டத்தில் பங்கெடுப்பதே குற்றம்.

இடையில் எதிரணி வீரர் வேண்டுமென்றே பந்தை விளையாடினால் ஓப்சைட் நீங்கும். பந்து அவரில் மோதித் திசைமாறினாலோ, அவர் கோலைத் தடுத்தாலோ நீங்காது.

'வேண்டுமென்றே' என்ற சொல்லில்தான் சிக்கல். 2021 ஒக்டோபர் 10இல் மிலானில் நடந்த நேஷன்ஸ் லீக் இறுதிப்போட்டியில், ஓப்சைட் நிலையில் நின்ற பிரான்ஸ் வீரர் எம்பாப்பேக்கு வந்த பந்தை ஸ்பெயினின் எரிக் கார்சியா வழுக்கிவந்து காலால் தொட்டார். எம்பாப்பே அடித்த கோலை மத்தியஸ்தர் ஏற்றார். பிரான்ஸ் 2-1 என வென்றது. பெரும் சர்ச்சை எழுந்தது.

2022இல் விதிகளை வகுக்கும் சபை விளக்கம் தந்தது. கால் நீட்டினால் மட்டும் போதாது. பந்து தூரத்திலிருந்து வந்ததா? தெளிவாகத் தெரிந்ததா? உடலைத் தயார்படுத்த நேரமிருந்ததா? பந்தைக் கட்டுப்படுத்த வாய்ப்பிருந்ததா? வாய்ப்பிருந்தும் பிழையாக உதைத்தால், பிழை அவருடையது, ஓப்சைட் இல்லை.

காணொளி உதவியில்லாத மைதானத்தில் மத்தியஸ்தர் இவற்றை ஒரே பார்வையில் தீர்மானிக்கிறார். சத்தமிடுமுன் நாமும் இக்கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால், பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.